சீப்பில் வரும் முடி

விடியும் முன்பே தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகள் மலை ஏறுகின்றன. சில போடிமெட்டு வழியாக, சில கம்பம்மெட்டு வழியாக. உடும்பஞ்சோலை வட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்கு அவை ஆட்களைக் கொண்டு போகின்றன. காய் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மலைக்கு வேலைக்கு வந்த பிறகு முடி கொட்டினால், "தண்ணீர் சேரவில்லை" என்பார்கள். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வறளும், நடுவில் ஒடியும். அது உண்மைதான். ஆனால் வேரோடு உதிர்ந்தால், காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கிறது.

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒரு முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். சில ஆண்டுகள் வளர்ந்த பின் சுமார் 3 மாதம் ஓய்வெடுக்கும். பிறகு உதிரும். அதே இடத்தில் புது முடி முளைக்கும். ஒரு நாளில் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

கடும் காய்ச்சல், பிரசவம், பட்டினி, வீட்டில் ஒரு சாவு, தீராத மனக்கவலை. இவை வந்தால் பல முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை அன்றே கொட்டுவதில்லை. 2, 3 மாதம் கழித்துத்தான் கொட்டும். ஆடியில் வந்த காய்ச்சலுக்கு ஐப்பசியில் முடி கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்து போகும். பழி புதிதாக வாங்கிய சோப்பின் மேல் விழும்! 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வந்து தேறிய பலருக்கு இப்படித்தான் கொட்டியது. இந்த வகையில் கொட்டிய முடி சில மாதங்களில் தானே வளர்ந்துவிடும்.

வளராமல் கொட்டிக்கொண்டே இருந்தால்? தைராய்டு கோளாறு இருக்கலாம். இரத்தசோகையும் இருக்கலாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். முடி கொட்டுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இவற்றை "வேலைக் களைப்பு" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு காலின் தோல் வழியாக உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். தோட்டத்தில் செருப்பு அவசியம்.

முடி புரதத்தால் ஆனது. சோறும் ஊறுகாயும் மட்டும் போதாது. கொள்ளு, பயறு, முட்டை, மீன், இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். இரும்புச் சத்துக்குக் கீரை, கேழ்வரகு, ஈரல். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. மலைக் குளிருக்கு டீ வேண்டும்தான். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

தேங்காய் எண்ணெய் முடி ஒடியாமல் காக்கும். இரத்தம் ஊற வைக்காது. எண்ணெய்க்குச் செலவழிக்கும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துப் பார்க்கலாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயம் வேண்டாம். மருத்துவர் சொன்ன மாதம் வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டில் சாப்பிட்ட உடனே டீ குடிப்பவர்கள் எத்தனை பேர்?