ஆட்டக்காரரை ஆக்கியோர்: ஹரி குரோ பக் காட்டிய நெறி

கல்லூரி மலர்களில் வெற்றிக் கேடயங்களின் பட்டியலும் ஆட்டக்காரரின் பெயர்களும் தவறாது இடம்பெறும். அவர்களை ஆயத்தஞ் செய்த விளையாட்டுத்துறைப் பொறுப்பாசிரியரைப் பற்றி ஒரு வரி காண்பதும் அரிது. அவரது பணியை எதனால் அளவிடல் வேண்டும்? சென்னையில் 23 ஆண்டுகள் தொண்டாற்றிய ஹரி குரோ பக் என்பாரின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

பக் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற் பிறந்தவர். ஸ்பிரிங்பீல்ட் பயிற்சிக் கல்லூரியிற் பயின்றவர். நெய்சிமித் என்ற ஆசிரியர் 1891இல் கூடைப்பந்தாட்டத்தை ஆக்கியது அக்கல்லூரியிலேதான். அங்கு பயின்ற மோர்கன் 1895இல் கரப்பந்தாட்டத்தை வகுத்தார். இவ்வாட்டங்கள் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் வழியே கீழைநாடுகளிற் பரவின. 1916இல் கொழும்பிலே கரப்பந்தாட்டத்தை அறிமுகஞ் செய்தவரும் அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பணிப்பாளரே.

1920இல் பக் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது மாணவர் ஐவரே. அக்கல்லூரி பின்னர் அடையாற்றங்கரையில் வேரூன்றியது. 1943இல் மறையும்வரை அவரே அதன் அதிபர். 1924இல் பாரிசு ஒலிம்பிக் விழாவுக்கு இந்தியக் குழுவை அழைத்துச் சென்றார். மெய்வல்லுநர் ஒருவருக்கும் பதக்கம் கிட்டவில்லை. சிலரைத் தேர்ந்து சில நாட் பயிற்றுவதால் ஒரு நாட்டின் விளையாட்டு உயராது. நோரன் என்னும் வைத்தியருடன் கூடி, மாகாணந்தோறும் சங்கங்கள் அமைய பக் உழைத்தார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது.

அன்னாரின் பணியில் மூன்று பாடங்கள் உள. முதலாவது, ஆட்டக்காரரைப் பயிற்றுவதினும் பயிற்றுவோரைப் பயிற்றுதல் சிறந்தது என்பது. இரண்டாவது, விதிகளை எழுதி வைத்தல். அவர் விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். விதி எழுதப்படாத களத்தில் உரத்த குரலே தீர்ப்பாகும். எழுதப்பட்ட களத்திலோ சிறுவனும் நியாயங் கேட்கலாம். மூன்றாவது, மேலைநாட்டு ஆட்டங்களோடு நம்நாட்டுப் பயிற்சிகளுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தமை.

இனி, இப்பாடங்கள் நெடுந்தீவுக்கு எவ்வாறு பொருந்துமெனக் காண்போம். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கடல் கொந்தளிக்கும் நாளில், போட்டிக்குப் புறப்பட்ட குழு இறங்குதுறையிலேயே நின்றுவிடும். வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாசிரியர் மாற்றலாகிச் சென்றால், பயிற்சியும் அவரோடு படகேறிவிடும். இங்கு குறைவாயிருப்பது மாணவரின் வலிமையன்று. கற்பாரின் மதில்களும் குதிரைகள் மேயும் வெளிகளும் உள்ள இத்தீவில் ஓடவும் பாயவும் இடமுண்டு. கரப்பந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் வலையும் போதும். கிளித்தட்டுக்கு நிலத்திற் கீறிய கோடுகளே போதும். குறைவாயிருப்பது தொடர்ச்சியே.

ஆதலின் தீவுக்கு வரும் ஆசிரியர், குழுவைத் தேர்வதோடு நில்லாது, மேல்வகுப்பு மாணவர் சிலரை நடுவராகவும் பயிற்றுநராகவும் ஆக்கிவிட்டுச் செல்லல் வேண்டும். பழைய மாணவராகிய நாமும் கேடயம் வழங்குவதோடு அமையாது, தீவிற் பிறந்த இளைஞர் ஒருவரேனும் முறையான உடற்கல்விப் பயிற்சி பெற்று ஊர் திரும்பப் பொருளுதவி செய்தல் தக்கது. அத்தகையார் ஒருவர் தம் சேவைக்காலத்தில் எத்தனை தலைமுறைச் சிறுவரைக் களத்துக்கு அழைத்து வருவார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விளையாட்டாசிரியரின் பெருமை அவர் ஈட்டிய கேடயங்களால் மாத்திரம் அறியப்படுவதன்று; அவர் சென்றபின்னும் மாலைதோறும் அக்களத்தில் ஆட்டம் நடைபெறுகின்றதா என்பதால் அறியப்படும்.