பவர்டேபிள் போடும் தங்கைக்கு: ஆள் நிற்க அக்காவின் டிப்ஸ்

கண்ணு, பவர்டேபிள் தையல் யூனிட்டுக்கு நீ எழுதிவைத்த செலவுக் கணக்கைப் பார்த்தேன். மெஷின், கட்டட அட்வான்ஸ், கரண்ட் டெபாசிட் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆட்களுக்கென்று மட்டும் சம்பளத்தைத் தவிர ஒரு வரி இல்லை. திருப்பூரில் இன்றைக்குப் பணம் இருந்தால் மெஷின் வாங்கிவிடலாம், அதில் உட்கார ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. ‘டெய்லர் தேவை, கைமடி தேவை’ என்ற போர்டு தொங்காத தெரு இல்லை. சனிக்கிழமை உன்னிடம் சம்பளம் வாங்கியவர், பீஸுக்குக் கொஞ்சம் கூடுதல் கிடைக்கிறது என்று திங்கட்கிழமை பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். பீஸ் ரேட்டில் பெரிய கம்பெனியோடு மல்லுக்கட்ட உன்னால் ஆகாது. அதனால் ஆட்களுக்கான செலவை வேறு இடங்களில் செய்.

முதலில், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்களுக்கு மெஷின் கற்றுக்கொடு. இதைத்தான் எல்லோரும் தள்ளிப் போடுகிறார்கள், காரணமும் எனக்குத் தெரியும். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்த ஒரு மணி நேரக் கூலி அவருக்குப் போச்சு. பிறகு எப்படி முகம் மலர்ந்து சொல்லிக்கொடுப்பார்? சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் அவருக்குத் தனியாகக் காசு போட்டுவிடு. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். அந்தச் சின்னத் தொகையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பல பேர் வருடம் முழுக்க ஆள் தேடி அலைகிறார்கள்.

கற்றுக்கொடுக்கும்போது ஒன்று செய். நான்கு நூல் ஓவர்லாக்கில் நான்கு கோனையும் நான்கு நிறத்தில் மாட்டு. ஆர்டர் ஓடும்போது எல்லாம் ஒரே நிறம், எந்த நூல் தளர்கிறது, எது விட்டுப்போகிறது என்று புதிதாகக் கற்பவளுக்குக் கண்ணில் படாது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று போட்டுக் கட்டிங் வேஸ்ட்டில் ஓட்டச் சொன்னால், தையலைத் திருப்பிப் பார்த்ததுமே எந்த நூலில் கோளாறு என்று அவளே சொல்லிவிடுவாள். நூல் கோர்க்கும் வரிசையையும் கையோடு பழக்கிவிடு: மேல் லூப்பர், அப்புறம் கீழ் லூப்பர், கடைசியாக ஊசிகள். நூல் அறுந்த ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் நேரம் உனக்கு மிச்சம்.

அவள் கை தேறியதும் அந்த வாரமே சம்பளத்தை ஏற்று. தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றால் போய்விடுவாள். கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்று உன் மாமனார் சொல்வார். டெய்லர் வேலை பார்ப்பவளுக்குக் கைமடிச் சம்பளம் கொடுத்தால் கட்டாயம் ஓடத்தான் செய்வாள்.

அடுத்தது இ.எஸ்.ஐ. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் கட்டாயம், உனக்கு அத்தனை பேர் சேர்ந்துவிடுவார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நீ 3.25 சதவீதம் கட்ட வேண்டும், அவர்கள் பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு உன் கையிலிருந்து போவது 487 ரூபாய் 50 காசு. அதற்கு அந்தக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. உடம்பு முடியாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் அவர் கைக்கு வரும், பிரசவத்துக்கு 26 வாரம் பணம் வரும். ஆனால் அந்த 70 சதவீதத்துக்கு, ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாளாவது அவர் பேரில் பணம் கட்டியிருக்க வேண்டும். ஆர்டர் குறைந்த மாதம் பெயரை எடுத்துவிட்டு அடுத்த மாதம் சேர்க்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. டெங்குவில் படுக்கும் பெண்ணுக்கு அதனால்தான் ஒன்றும் கிடைக்காமல் போகிறது. அந்த வேலையை மட்டும் நீ செய்யாதே. பி.எஃப். இருபது பேர் ஆனதும் கட்டாயமாகும், அதற்கு முன்பே விருப்பத்தில் சேர்ந்தாலும் நல்லது.

செக்கிங் டேபிளுக்கு முதுகு சாய்கிற உயர ஸ்டூல் போடு. நாள் பூராவும் நின்றால் சாயங்காலம் கால் வீங்கும், கண்ணும் தப்புவிடும், டேமேஜ் பீஸ் பேக்கிங்குக்குப் போய்விடும். துணிக்கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் தமிழ்நாட்டிலேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கடைக்காரர் செய்ய வேண்டியதை நீயும் செய்.

பாத்ரூமில் தாழ்ப்பாளும் தண்ணீரும் நாப்கின் போட மூடி வைத்த டப்பாவும் இருக்கட்டும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும், அது 2013 சட்டம். குழுவுக்குத் தலைமை ஒரு பெண், வெளியிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும். பெயர்களைச் சுவரில் ஒட்டிவை, தமிழிலும் இந்தியிலும்.

இப்போது ரொம்ப முக்கியமான ஒன்று. ஆளை நிறுத்த யாராவது ‘பெரிய அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடு’ என்றால் காதில் வாங்காதே. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்துவைப்பது கொத்தடிமை, 1976லேயே சட்டம் போட்டு ஒழித்தது. நம் பக்கத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் சின்னப் பெண்களின் கூலியைப் பிடித்துவைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். இடையில் உடம்பு கெட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் வெறுங்கையோடு போனார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. உன் கம்பெனியில் உழைத்த காசு அந்தச் சனிக்கிழமையே முழுதாகக் கைக்குப் போக வேண்டும். எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், என்ன பிடித்தம் என்று எழுதிய சீட்டோடு கொடு. வேலைக்குச் சேர்ந்ததற்கான கடிதமும் கொடுத்துவிடு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது எல்லாத் தொழிலாளருக்கும் உண்டு.

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்களை எடுத்தால் ஊருக்குப் போகும் காலத்தை முன்கூட்டியே கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியை ஒட்டி வரும் சத் பூஜையும் ஹோலியும் விட முடியாத நாட்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளை ஒருவர் தவறவிட்டால் தன்பாத் ரயிலில் கக்கூஸ் ஓரம் உட்கார்ந்துதான் போவார், திரும்பும்போது அந்தக் கஷ்டத்தை நினைத்தே பத்து நாள் தள்ளிப் போடுவார். முன்பதிவு திறக்கும் அன்று காலையில் நீயே உட்கார்ந்து டிக்கெட் போடு. திரும்பி வரும் டிக்கெட்டை உன் செலவில் எடுத்துக் கொடு, சம்பளத்தில் பிடிக்காதே.