நாவல் பாதியில் நிற்கிறதா?

இரத்தினபுரி, கேகாலை றப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள், விடியற்காலையில், பட்டையில் ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுவிடும். நீண்ட எழுத்துக்கும் இதே கணக்கு. ஒரு தடவைக்குக் கொப்பியில் ஒரு பக்கம் போதும்.

✦ கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்து யார் வரப்போகிறார், என்ன சொல்லப்போகிறார் என்று ஓரத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்த முறை வெற்றுத்தாளைப் பார்த்து முழிக்க வேண்டியதில்லை.

✦ மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. அந்த நாட்களை எழுதியதைத் திருத்தவும், அப்பாயியிடம் பழங்கதை கேட்கவும் ஒதுக்குங்கள். (லயத்துத் தகரத்தில் மழை கொட்டினால் அப்பாயி பேசுவது கேட்காது, அது வேறு விஷயம்.)

✦ நேரமில்லையா? சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர், தொழிற்சங்கவாதியும்கூட. தோட்டத்து மக்கள் பாடல்களைத் திரட்டியவரும் அவரே. அவருக்கு நேரம் கிடைத்ததென்றால் உங்களுக்கும் கிடைக்கும்.

✦ நாமே வைத்த கெடு தள்ளிப்போகும். காமன் கூத்துக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. மாசியில் காமன் ஊன்றினால் ஊரே காத்திருக்கும். நீங்களும் அடுத்த திருவிழாவில் ஓர் அத்தியாயம் வாசிப்பதாக நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள்.