திருநீர்மலை: பெயரிலேயே தண்ணீர் உள்ள ஊர்

ஒரு ஊரோட மண்ணையும் தண்ணியையும் தெரிஞ்சுக்கணும்னா, முதல்ல அதன் பெயரைக் கேளுங்க. தாம்பரத்துக்கு வடக்கே, பல்லாவரத்துக்கு மேற்கே இருக்கும் திருநீர்மலை இதற்கு நல்ல பாடம். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். அது வடிய ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்கிறது தலவரலாறு. கதையோ நிஜமோ, நிலத்தின் அமைப்பு அப்படித்தான் இருக்கு.

கல்லும் மனிதரும்

இந்தப் பக்கத்துக் குன்றுகள் சார்னகைட் என்னும் கெட்டியான பாறை. மழை உள்ளே இறங்காது, சரிவில் வழிந்து தாழ்வான நிலத்துக்கு வந்துவிடும். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே குடைவரை குடைந்தான். நீர் இருந்த இடத்தில் மனிதர் தங்கினார்கள்.

ஆறும் ஏரியும்

அடையாறு ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்குது. முடிச்சூர் வழியா வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கிட்டு, மொத்தம் சுமார் 42 கி.மீ. ஓடிக் கடலில் கலக்குது. இரண்டு நீரும் சேரும் பள்ளம் இது. முன்னோர் இதை அறிந்து, சரிவெங்கும் ஏரி வெட்டினார்கள். மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி நிரம்பும், மதகு திறந்தால் வயல் நனையும்.

என்ன மாறியது?

1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வயல்கள் மனைகளாயின. குரோம் தோல் தொழிற்சாலையால் பக்கத்தில் குரோம்பேட்டை என்றே ஒரு ஊருக்குப் பெயர் வந்தது. 2021இல் திருநீர்மலைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊருக்கு எல்லை மாறலாம், தண்ணிக்கு வழி மாறாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் மூழ்கின.

ஒரு கணக்கு

49 செ.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 20 லட்சம் லிட்டர். அரையடி வரப்புள்ள நெல்வயல், ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டரை அப்படியே நிறுத்தி வைக்கும். அதே இடத்தில் சிமென்ட் தளம் போட்டால்? அத்தனையும் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். நெல் விளைத்த வயல் வெள்ளத்தையும் தடுத்தது. அந்த வேலைக்கு யாரும் உழவருக்குக் கூலி கொடுத்ததில்லை.

செய்து பாருங்க

உங்க ஊர் வரைபடத்தை எடுங்க. மேடு எது, ஏரி எது, கலங்கல் எங்கே வழியுது என்று குறியுங்க. பெரியவங்ககிட்ட பழைய வரத்துக்கால் எங்கே ஓடியதுன்னு கேட்டு, அதையும் கோடு போடுங்க. அந்தக் கோட்டின் மேல் இன்று என்ன நிக்குதோ, அதைப் பத்தி அடுத்த கிராமசபையில், நகரமானால் வார்டு கூட்டத்தில், பேசுங்க.