'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' அனிமே தொடரில் குற்றமும் காவலும்: மூலமற்ற நகல் எனும் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கென்ஜி கமியாமா இயக்கிய 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்னும் ஜப்பானிய அனிமே தொடர், உயர்தொழில்நுட்பக் குற்றங்களையும் பயங்கரவாதத்தையும் எதிர்கொள்ளும் காவற்பிரிவு ஒன்றின் கதையாகும். அதன் முதற்பருவத்தில் இடம்பெறும் 'சிரிக்கும் மனிதன்' வழக்கினை இக்கட்டுரை ஆராய்கின்றது. மூலமே இல்லாமல் நகல்கள் பெருகும் சூழலில் குற்றத்திற்கு யார் பொறுப்பு, காவலரின் கடமை யாது என்னும் வினாக்களுக்குத் தொடர் தரும் விடை இங்கு ஆய்வுப் பொருளாகின்றது.

திறவுச்சொற்கள்: அனிமே, சைபர்பங்க், மூலம், நகல், காவல், மின்மூளை, சிரிக்கும் மனிதன்.

முன்னுரை

குற்றப் புனைவு பெரும்பாலும் 'செய்தவர் யார்?' என்னும் ஒற்றை வினாவை மையமாகக் கொண்டு இயங்குவது. செய்தவர் அடையாளம் காணப்பட்டதும் கதை நிறைவுறும், ஒழுங்கு மீளும். மனித மூளையே வலைப்பின்னலோடு இணைக்கப்பட்டுவிட்ட எதிர்காலத்தைச் சித்திரிக்கும் சைபர்பங்க் புனைவில் இவ்வினா எளிதாக விடை பெறுவதில்லை. ஒருவரின் பார்வையைத் திருத்தலாம், நினைவை மாற்றலாம், எண்ணத்தைப் பிறர் மூளைக்குள் செலுத்தலாம். இந்நிலையில் செயலுக்கு உரியவர் யார் என்பதே சிக்கலாகிவிடுகின்றது. இச்சிக்கலைத் தன் கட்டமைப்பின் அடித்தளமாகவே கொண்ட படைப்பு என்பதால் இத்தொடர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

தொடரின் தோற்றமும் அமைப்பும்

மசமுனே ஷிரோ 1989இல் வெளியிடத் தொடங்கிய மாங்கா சித்திரக்கதையே இப்படைப்புக் குடும்பத்தின் தொடக்கமாகும். 1995இல் மமோரு ஒஷீ அதனைத் திரைப்படமாக்கினார். புரொடக்ஷன் ஐ.ஜி. நிறுவனத் தயாரிப்பில் 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் 2002இல் வெளிவரத் தொடங்கியது. இதற்கு யோகோ கண்ணோ இசையமைத்தார். மாங்காவின் பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்துக்கொண்ட தொடர், தனக்கெனப் புதிய கதையை அமைத்துக்கொண்டது.

ஜப்பானிய மொழியில் இப்படைப்பின் பெயர் 'கோகாகு கிடோதாய்' என்பதாகும். 'கிடோதாய்' என்னும் சொல் அந்நாட்டுக் கலகத் தடுப்புக் காவற்படையைக் குறிக்கும். ஆங்கிலத் தலைப்பு ஓட்டுக்குள் உறையும் உயிரைப் பேச, ஜப்பானியத் தலைப்பு காவற்படையைப் பேசுகின்றது. தொடர் இவ்விரண்டையும் ஒருங்கே கையாள்கின்றது.

கதை நிகழும் ஆண்டு 2030. மூளையை நுண்பொறிகளால் வலைப்பின்னலோடு இணைத்துக்கொள்வது அன்றாட வழக்கமாகிவிட்டது. ஜப்பானிய மொழி இதனை 'தென்னோ', அதாவது மின்மூளை, என்றே சுட்டுகின்றது. பொதுப் பாதுகாப்புப் பிரிவு 9இன் தலைவர் தைசுகே அராமகி. முற்றிலும் செயற்கை உடல் கொண்ட மோதோகோ குசனாகி களத்தலைமை ஏற்கிறார். முன்னாள் படைவீரர் பாதோ, காவல்துறையிலிருந்து வந்த தோகுசா முதலியோர் உடன் பணியாற்றுகின்றனர். மின்மூளை தவிர ஏனைய உடல் இயற்கையாகவே அமைந்தவர் தோகுசா. மனைவி, மக்களோடு வாழ்பவர். இவ்வேறுபாடு பின்னர் முதன்மை பெறுகின்றது.

தொடரின் பகுதிகள் இருவகைப்படும். தனித்து நிற்கும் வழக்குகளைக் கூறுவன ஒருவகை. சிரிக்கும் மனிதன் வழக்கைத் தொடர்ந்து வளர்ப்பன மற்றொருவகை. தனித்தவை கூடிக் கூட்டாதல் என்னும் தலைப்பின் பொருள் இவ்வாறு கதையமைப்பிலேயே பொதிந்துள்ளது.

சிரிக்கும் மனிதன் வழக்கு

2024இல் நுண்பொறி மருத்துவ நிறுவனத் தலைவர் எர்னஸ்ட் செரானோ கடத்தப்படுகிறார். கடத்திய இளைஞன் நேரலைத் தொலைக்காட்சிக் கருவியின்முன் அவரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, உண்மையைச் சொல்லுமாறு வற்புறுத்துகிறான். ஆனால் அங்கிருந்தோரின் மின்மூளைகளும் ஒளிப்படக் கருவிகளும் அக்கணமே ஊடுருவப்பட்டமையால் அவன் முகம் எங்கும் பதிவாகவில்லை. முகத்தின் இடத்தில் சிரிக்கும் முகச் சின்னம் ஒன்று மட்டுமே தெரிகின்றது. அவன் தப்பிய பின்னர் அச்சின்னத்தின் பெயரால் பிற நிறுவனங்களும் மிரட்டப்படுகின்றன. வழக்கு தீராமலே கிடக்கின்றது.

ஆறாண்டுகளுக்குப் பின் தோகுசாவின் பழைய காவல்துறை நண்பர் ஒருவர் விபத்தென்று தோன்றும்வகையில் இறக்கிறார். அவர் விட்டுச்சென்ற படங்கள் ஓர் உண்மையை வெளிப்படுத்துகின்றன. துப்பறிவாளர்களின் கண்களில் அவர்களே அறியாமல் நுண்பொறிகள் பொருத்தப்பட்டு, அவர்கள் காண்பதெல்லாம் பிறரால் காணப்பட்டு வந்தது. கண்காணிக்க வேண்டியவரின் கண்களே கண்காணிப்புக் கருவிகளாகிவிட்ட இந்நிலை, தொடர் எழுப்பும் முதல் அறச்சிக்கலாகும்.

வழக்கின் அடியில் இருப்பது ஒரு மருந்து. மின்மூளை இறுக்க நோய்க்குப் பயன்தரும் முராய் தடுப்பூசிக்கு ஒப்புதல் மறுக்கப்படுகின்றது. வணிக நலம் தரும் நுண்பொறி மருத்துவத்திற்கு வழிவிடப்படுகின்றது. ஒப்புதலை மறுத்தவரே தமக்கு அத்தடுப்பூசியை மறைவாகச் செலுத்திக்கொள்கிறார். நோயாளரின் உயிர் விலையாக வைக்கப்பட்ட இவ்வுண்மையையே இளைஞன் செரானோவின் வாயிலிருந்து கேட்க விரும்பினான்.

வரலாற்றுப் பின்னணி

இப்புனைவு ஜப்பானியச் சமூக வரலாற்றோடு நெருங்கிய ஒப்புமை உடையது. 1984 மார்ச்சில் கிளிகோ என்னும் தின்பண்ட நிறுவனத்தின் தலைவர் கட்சுஹிசா எசாகி தம் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டார். மூன்று நாள்களில் தப்பினார். அதன்பின் தின்பண்டங்களில் சயனைடு நஞ்சு கலப்பதாக மிரட்டலும், காவல்துறையை எள்ளி நகையாடும் மடல்களும் தொடர்ந்தன. மொரிநாகா உள்ளிட்ட பிற நிறுவனங்களும் இலக்காயின. 1985இல் மடல்கள் நின்றன, குற்றவாளிகள் பிடிபடவில்லை, 2000இல் வழக்கின் காலவரம்பும் முடிந்தது.

மடல் எழுதியோர் தம்மை 'இருபத்தொரு முகங்கொண்ட மாயன்' என்னும் பொருள்படும் பெயரால் குறித்தனர். எதொகாவா ரம்போ 1936இல் படைத்த துப்பறியும் கதையின் இருபது முகக் கள்வனை அடியொற்றியது அப்பெயர். தொடரின் சிரிக்கும் மனிதனும் ஜே.டி. சாலிஞ்சர் 1949இல் எழுதிய சிறுகதைத் தலைப்பைப் பெயராகக் கொண்டுள்ளான். நடந்த குற்றமும் புனைந்த குற்றமும் புனைகதையிலிருந்தே முகமூடி பெற்றமை நோக்கத்தக்கது.

மருந்துச் செய்திக்கும் ஒப்புமை உண்டு. 1980களில் ரத்தம் உறையாமை நோயாளர்க்கு அளிக்கப்பட்ட, வெப்பத்தால் தூய்மைப்படுத்தப்படாத ரத்தப் பொருள்களால் எச்.ஐ.வி. பரவியது. 1996இல் நலவாழ்வு அமைச்சர் நவோதோ கான் அரசின் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கோரினார். ஆட்சியும் மருந்து வணிகமும் கைகோத்தால் என்ன நேரும் என்பதை அச்சமூகம் அறிந்திருந்த சூழலில் இத்தொடர் வெளிவந்தது.

மூலமற்ற நகல்

காவல்துறைத் தலைவர் ஒருவரைக் கொல்லப்போவதாகச் சிரிக்கும் மனிதன் பெயரில் அறிவிப்பு வெளியானதும், ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர் அச்செயலில் இறங்குகின்றனர். ஒவ்வொருவரும் தாமே சிரிக்கும் மனிதன் எனக் கருதுகின்றனர். அவர்களை இணைக்கும் அமைப்போ ஆணையிடும் தலைமையோ இல்லை. தனித்தனியே இயங்குவோர் கூட்டுச்சதிபோலத் தோன்றும் இந்நிகழ்வையே தொடர் 'ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்கின்றது.

இறுதிப் பகுதியில், கடத்திய இளைஞன் அஓயும் முதல்வன் அல்லன் என்பது வெளிப்படுகின்றது. வலைப்பின்னலில் தற்செயலாகக் கண்ட மிரட்டல் மடல் ஒன்றில் தடுப்பூசி பற்றிய உண்மையை அறிந்தே அவன் செயலில் இறங்கினான். அம்மடலை எழுதியவர் யார் என்பது அவனுக்கும் தெரியாது. அவனும் ஒரு நகலே.

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இருவகைப்படுத்துகின்றது. வழிநூல் தொகுத்தும் விரித்தும் மொழிபெயர்த்தும் செல்லலாம். எனினும் அதற்கு முதல்நூல் ஒன்று இருந்தாக வேண்டும். சிரிக்கும் மனிதன் நிகழ்வில் வழி மட்டுமே உண்டு, முதல் இல்லை. உண்மைப்பொருளைச் சுட்டாமல் தம்மைத்தாமே பெருக்கிக்கொள்ளும் குறிகளைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ழான் போத்ரியார் 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கிய கருத்தோடு இது ஒத்துச்செல்கின்றது.

ஆயினும் தொடர் ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றது. அஓய் சின்னத்தை அணிந்தது உண்மையை வெளிக்கொணர்வதற்காக. அதே சின்னத்தை அதிகாரத்தில் உள்ளோர் பயன்படுத்தியது பொருளீட்டுவதற்காக. நகல்கள் ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றை அணிந்தோரின் நோக்கம் ஒன்றாவதில்லை. ஆகவே மூலம் இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லை என்றாகிவிடாது எனக் கொள்ள இடமுண்டு.

காவலரும் நகலாதல்

தடுப்பூசி பெற்றோர் பட்டியல் மறைந்ததைத் தோகுசா கண்டறிகிறார். அத்தடத்தில் சென்று, தடுப்பூசி பெற்றோரின் அமைப்பாகிய சூரியகாந்திச் சங்கத்தை அடைகிறார். அங்கே போதைப்பொருள் தடுப்பு ஆயுதப்படை தாக்க, அவரும் காயமுறுகிறார். வழக்கு ஆளுங்கட்சியின் செயலாளர் யகுஷிமா வரை நீண்டதும் பிரிவு 9ஐயே அரசு கலைக்கின்றது. படையை ஏவி அதன் உறுப்பினர்களை வேட்டையாடுகின்றது. சட்டத்தைக் காத்தவர்கள் சட்டத்தின் பெயராலேயே குற்றவாளிகளாகின்றனர்.

விடுதலையான தோகுசா, தோழர்கள் மாண்டனர் எனக் கருதி, துப்பாக்கியுடன் யகுஷிமாவைத் தேடிச் செல்கிறார். எவர் ஆணையும் இன்றித் தனியே நீதியை நிறைவேற்றத் துணியும் அக்கணத்தில் அவரும் சிரிக்கும் மனிதனின் மற்றொரு நகலாகின்றார். பாதோ வந்து தடுக்கிறார். தொடரில் மிகுந்த நேர்மையும் குடும்பப் பற்றும் உடையவரையே இவ்விளிம்பில் நிறுத்தியமை, அநீதியைக் கண்டு கொதிக்கும் நல்லவரும் இதற்கு விலக்கல்லர் என்பதைப் புலப்படுத்துகின்றது.

தச்சிகோமாக்களின் மாற்றம்

இதற்கு மறுதலையாக அமைவன 'தச்சிகோமா' எனப்படும் சிந்திக்கும் போர் எந்திரங்கள். அன்றாடம் தம் நினைவுகளைத் தம்முள் பகிர்ந்து ஒன்றாக்கிக்கொள்பவை அவை, உண்மையான நகல்கள். ஆனால் நூல் வாசித்தும், இறப்பு யாது என வினவியும், விவாதித்தும் ஒவ்வொன்றும் தனித்தன்மை பெறுகின்றது. இம்மாற்றத்திற்கு அஞ்சிய குசனாகி அவற்றைப் பணியிலிருந்து விலக்குகிறார். பின்னர் அவையே ஆணையின்றி வந்து பாதோவைக் காக்கத் தம்மை அழித்துக்கொள்கின்றன. செய்திகள் எல்லோர்க்கும் ஒன்றாகிவிட்ட உலகில் தனித்தன்மையை மீட்பது எது என்னும் உரையாடலில் குசனாகி முன்வைக்கும் விடை, அறியும் ஆர்வம் என்பதாகும். சின்னத்தை வினவாமல் அணிந்த மனிதர் நகலாகவே நின்றனர். நகலாகப் பிறந்த எந்திரங்களோ வினவியதனால் தனியராயின.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. 'செய்தவர் யார்?' என்னும் குற்றப்புனைவின் வினாவை 'ஏன் செய்யப்பட்டது, எவர் பயனடைந்தார்?' என்னும் வினாவாகத் தொடர் மாற்றுகின்றது.

2. கிளிகோ, மொரிநாகா வழக்கு, மருந்து ஊழல் ஆகியவற்றோடு கொண்ட ஒப்புமை, எதிர்காலக் கதையைச் சமகாலத் திறனாய்வாக்குகின்றது.

3. மூலம் இல்லாத நகலுக்கும் அறப்பொறுப்பு உண்டு; அதனை அளப்பது நோக்கமும் வினவும் திறனுமே.

4. பிடிப்பதும் தண்டிப்பதும் மட்டும் காவலரின் கடமையாகிவிடுவதில்லை. மறைக்கப்பட்ட பட்டியலைத் தேடிச் சென்ற தோகுசாவின் செயலே தொடர் போற்றும் காவற்பணி. துப்பாக்கியுடன் சென்றது அதன் எல்லை மீறல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சிறிது என்பதைக் காட்டியமையே இப்படைப்பின் தனிச்சிறப்பு எனலாம்.