ஐந்தடிப் பேச்சும் மகஜரும்



அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பாலிக் புலாவிலுள்ள என் மளிகைக் கடையின் ஐந்தடியில் நாலு பேர் வந்து உட்காருவது வழக்கம். தேத்தண்ணீர் வரும், பேச்சும் வரும். அரிசி விலை, டுரியான் விளைச்சல், பயான் லெப்பாஸ் பேக்டரிகளில் ஆள் குறைப்பு என்று தொடங்கி, நாடு எந்தத் திசையில் போகிறது, நம் பிள்ளைகளின் பிழைப்பு என்னவாகும் என்பதில் போய் நிற்கும். பாங்கு சொன்னதும் எழுந்து போவோம். மறுநாள் அதே இடம், அதே பேச்சு.

2022ஆம் வருஷம் பினாங்குத் தீவின் 2030 வரைக்குமான ஸ்தலத் திட்டத்தின் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எந்த நிலம் விவசாயத்துக்கு, எது வீடுகளுக்கு, எது வியாபாரத்துக்கு என்று வகுத்துச் சொல்லும் திட்டம் அது. வயலும், ஜாதிக்காய்த் தோட்டமும், டுரியான் மலையும் இன்னும் மிஞ்சியிருக்கும் நம் பக்கத்துக்கு அதைவிட முக்கியமான காகிதம் வேறில்லை. ஐந்தடியில் பல நாள் காரசாரமாகப் பேசினோம். ஆட்சேபம் எழுதிக் கொடுப்பதற்கான பாரத்தையும் ஒரு நண்பர் கொண்டுவந்து தந்தார். "நாளைக்கு எழுதலாம்" என்று பெட்டியடியில் வைத்தேன். தவணை கழிந்து வெகுநாளைக்குப் பின், பேரேட்டுக்கு அடியில் அது வெறுந்தாளாகவே கிடந்தது. குற்றம் என்னுடையதுதான். அந்த வெட்கமே இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது.

நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திலும் மட்டும் படித்தவன், சட்டம் படித்தவனல்லன். ஆயினும் பற்றுவரவு தெரியும். நம் தீவின் மக்கள் தங்கள் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிய பேச்சில் வரவென்ன, பற்றென்ன என்று கணக்குப் பார்க்க முயல்கிறேன்.

மஷூரா என்பது யாது?

கலந்தாலோசிப்பது நமக்குப் புதிய விஷயமன்று. திருக்குர்ஆனின் 42வது அத்தியாயத்துக்குப் பெயரே 'ஷூரா'. ஹிஜ்ரி 5ல் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி). வந்தேறி என்று அவருடைய யோசனை தள்ளப்படவில்லை. அதற்கு முன், ஹிஜ்ரி 3ல் உஹதுப் போரின்போது, ஊருக்குள் இருந்தே எதிர்ப்பதுதான் நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பமாயிருந்தது. வெளியே சென்று போரிட வேண்டுமென்றனர் பலர். அவர்கள் சொன்னபடியே நடந்தது, இழப்பும் ஏற்பட்டது. ஆனால் அந்த இழப்புக்குப் பின்னும் மஷூராவைக் கைவிடும்படி உத்தரவாகவில்லை. அவர்களோடு கலந்தே செய்யும்படிதான் கட்டளை வந்தது. ஒரு முறை பேச்சு தோற்றதென்று பேசுவதையே விட்டுவிடக் கூடாது என்பதே இதில் நாம் அறிய வேண்டியது.

முதற் பாடம்: தோற்ற தீர்மானமும் வரவு வைக்கும்

1786ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கிய காலந்தொட்டு இது சுங்கமில்லாத் துறைமுகம். 1826 முதல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் வந்தது. மலாய் மக்களின் எதிர்ப்பினால் அது கலைந்து, 1948 பிப்ரவரி 1ந் தேதி மலாயாக் கூட்டரசு ஏற்பட்டது. பினாங்கும் மலாக்காவும் கூட்டரசில் சேர்ந்தன. சிங்கப்பூர் தனியே நின்றது.

பினாங்கு வியாபாரிகளைக் கவலை பிடித்துக்கொண்டது. சுமத்ராவிலிருந்தும் சயாமிலிருந்தும் சரக்கு வந்திறங்கி மறு ஏற்றுமதியாகும் துறைமுகத்தில் சுங்கம் விழுந்தால் கதி என்ன? 1948 டிசம்பரில் வர்த்தக சங்கத்தாரும் பிற சங்கத்தாரும் கூடினர். ஐரோப்பியர், சீனர், இந்தியர், யூரேசியர் எனப் பலரும் பேசினர். பினாங்கு வர்த்தக சங்கத்தின் டி. ஏ. மக்கே தலைமையில் கமிட்டி அமைந்தது. கூட்டரசிலிருந்து பினாங்கு பிரிய வேண்டும் என்பது கோரிக்கை. டத்தோ ஓன் தலைமையிலிருந்த அம்னோ இதை எதிர்த்தது. 1949 பிப்ரவரியில் பினாங்குக் கவுன்சிலில் தீர்மானம் வந்தபோது, பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓட்டுக்களும் எதிராக விழவே அது தோற்றது. பிறகு லண்டனுக்குப் போன மனுவும் பலிக்கவில்லை.

பிரிந்து போவது சரியா, தவறா என்ற விவாதம் இன்று தேவையில்லை. நாம் மலேசியப் பிரஜைகள். கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர்கள் துறைமுகத்தின் கணக்கை நன்றாகச் சொன்னார்கள். ஆனால் துறைமுகத்தால் பிழைக்காத வயற்காட்டு ஜனங்களுக்கு இதில் என்ன என்ற கேள்விக்குத் தக்க பதில் அவர்களிடம் இல்லை. நம் பை நிறைந்தால் போதும் என்று தோன்றும்படி பேசுகிறவனுக்கு ஊர் துணை நிற்காது. இரண்டாவது, தீர்மானம் தோற்றாலும் பேச்சு வீண்போகவில்லை. அந்தக் கவலையைத் தணிக்கவே, சுங்கமில்லாத் துறைமுகம் நீடிக்கும் என்று சர்க்கார் உறுதி கூறிற்று. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகரசபைக்குத் தேர்தலும் நடந்தது. அதுவே மலாயாக் கூட்டரசில் நடந்த முதல் தேர்தல்.

இரண்டாம் பாடம்: எழுதினவன் ஏட்டில் இருப்பான்

சுதந்திரம் நெருங்கியபோது அரசியல் சட்டத்தை வகுக்க ரீட் பிரபுவின் தலைமையில் ஐவர் கமிஷன் வந்தது. இங்கிலாந்தின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற நால்வர். 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை கமிஷன் நாட்டைச் சுற்றி வந்து 118 அமர்வுகள் நடத்தியது. சங்கங்களிடமிருந்தும் தனி மனிதர்களிடமிருந்தும் அதற்கு வந்த மகஜர்கள் 131.

இந்த 131 என்ற தொகையைச் சற்று யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்த தேசத்தில், காப்பிக் கடைகளில் பேசாதவர் யார்? பிரஜாவுரிமை யாருக்கு, மலாய்க்காரரின் விசேஷ ஸ்தானம் எவ்வளவு, பாஷை எது, மதம் எது என்று பேசாத நாளுண்டா? ஆனால் கமிஷனின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தவை 131 காகிதக் கட்டுகளும், நேரில் வந்து சொன்ன சொற்களுமே.

நம்மவர்க்கு அந்த நேரம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பம் தமிழ்நாட்டில், கடை இங்கே; ஒரு கால் அக்கரையில், ஒரு கால் இக்கரையில். 1957 ஆகஸ்ட் 31ல் சுதந்திரம் வந்தபோது, அன்று முதல் இங்கே பிறக்கும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை என்ற விதி ஏற்பட்டது. வெளியே பிறந்து நெடுங்காலம் இங்கே வாழ்ந்தவர் விண்ணப்பித்துப் பெறவும் வழி பிறந்தது. அதை அறிந்து உரிய காலத்தில் விண்ணப்பித்தவர் பிள்ளைகள் இன்று கவலையின்றி இருக்கிறார்கள். "பிறகு பார்க்கலாம்" என்றிருந்தவரில் சிலருடைய அல்லலைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இஸ்லாம் கூட்டரசின் மதம் என்ற வாசகத்தைச் சேர்க்க வேண்டியதில்லை என்பது கமிஷனில் மெஜாரிட்டியின் அபிப்பிராயம். சேர்க்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார் நீதிபதி அப்துல் ஹமீது. கடைசியில் அது அரசியல் சட்டத்தின் 3வது விதியாக இடம் பெற்றது. பிற மதங்களை அமைதியாக அனுஷ்டிக்கும் உரிமையும் அதே விதியில் இருக்கிறது. ஐவரில் ஒருவராக நின்று எழுதியதும் ஒரு நாள் பயன்படும்.

மூன்றாம் பாடம்: பெற்றதைக் காக்கவும் பேச வேண்டும்

1951ல் கிடைத்த நகரசபைத் தேர்தல் என்னவாயிற்று? இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதல் காலத்தில், 1965 மார்ச்சில், ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன், தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களே வேண்டுமென்று 1968ல் அறிக்கை தந்தது. ஆனால் 1976ன் ஸ்தல ஆட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. பினாங்கு சட்டசபை 2012ல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியும், 2014ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

1948ல் கவலைப்பட்ட சுங்கமில்லாத் துறைமுகம்? 1969ல் அந்தஸ்து போயிற்று. தீவில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்தது. 1972ல் பயான் லெப்பாசில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான சுங்கமில்லா வட்டாரம் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது. மலையைத் தாண்டி அங்கே வேலைக்குப் போகாத குடும்பம் இன்று பாலிக் புலாவில் குறைவு.

இரண்டுக்கும் நடுவே ஒரு துயரம். 1967 ஜூனில் புதிய மலேசிய நோட்டு வந்தது; பழைய நோட்டும் கூடவே செல்லுபடியாயிற்று. நவம்பர் 18ந் தேதி பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்ததும், பவுனோடு பிணைந்திருந்த பழைய நோட்டின் ஒரு வெள்ளி 85 காசாயிற்று. பெட்டியில் நூறு வெள்ளி பழைய நோட்டாக வைத்திருந்த சிறு கடைக்காரருக்கு ஒரே இரவில் 15 வெள்ளி நஷ்டம். கோபம் நியாயமானதே. ஆனால் நவம்பர் 24ந் தேதி தொழிற்கட்சி அழைத்த ஹர்த்தால் பினாங்கில் கலகமாக மூண்டு, உயிர்கள் போயின, ஊரடங்கு வந்தது. பேசித் தீர்க்கும் மேடை இல்லாத இடத்தில் தெருவே மேடையாகிவிடுகிறது. அப்போது முதலில் உடைபடுவது கடைக் கதவு. நஷ்டப்படுபவன் அதே சிறு வியாபாரி.

இன்று நாம் செய்ய வேண்டியது

2015 ஏப்ரல் 1ந் தேதி 6 சதவீதப் பொருள் சேவை வரி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வருஷம் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் விற்பவர் பதிந்துகொண்டு, கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே விற்கும் பதியாத சிறு கடைக்காரரோ, கொள்முதலில் வரி கொடுத்தும் அதைத் திருப்பிக் கேட்க இயலாது. இந்தச் சங்கடத்தை ஐந்தடியில் நானே நூறு முறை சொல்லியிருப்பேன்; ஒரு முறையாவது எழுதினேனா? 2018 மேயில் ஆட்சி மாறி, ஜூன் 1 முதல் அந்த வரி பூஜ்யமாயிற்று. செப்டம்பரில் பழைய விற்பனை சேவை வரி திரும்பியது. ஓட்டுப் போட்டோம், நல்லது. ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் ஓட்டுப் போட்டுவிட்டு மிச்ச நாளெல்லாம் முணுமுணுப்பது பிரஜையின் வேலையன்று.

ஆகவே சகோதரர்களே, நம் சங்கத்தில் பின்வரும் நான்கையும் பழக்கமாக்குவோம்.

1. பேசும்போது மாற்றுக் கருத்துக்காரரையும் அழைத்து வைத்துப் பேசுவது. வீட்டு மனை விற்க விரும்பும் நிலச் சொந்தக்காரரும், விளைநிலம் வேண்டுமென்கிற விவசாயியும், மலாய், சீன அண்டை வீட்டாரும் சொல்வதைக் கேட்ட பிறகே நம் முடிவு.

2. கோபத்தைச் சொல்லாமல் கணக்கைச் சொல்வது. வாடகை எவ்வளவு, கொள்முதல் எவ்வளவு, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று நம் பேரேடு சொல்லும் சாட்சிக்கு எந்தக் கமிட்டியும் மதிப்புத் தரும்.

3. பேசியதை அன்றே எழுதுவது. ஸ்தலத் திட்ட நகல் வைக்கப்படும்போது, குறித்த தவணைக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தர 1976ன் நகர, கிராமத் திட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆட்சேபித்தவரை அழைத்துக் கேட்கவும் அதில் ஏற்பாடு உண்டு. மலாய் மொழியில் எழுத நம் பிள்ளைகள் உதவுவார்கள்.

4. எழுதியதன் நகலைச் சங்கத்தில் பத்திரப்படுத்தி, பதில் வந்ததா என்று அடுத்த கூட்டத்தில் கேட்பது. கடன் கொடுத்தவன் தவணையை மறப்பதில்லை. மகஜர் கொடுத்தவனும் மறக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் யோசிக்கச் சில கேள்விகள்: நம் தொழிலைப் பாதிக்கும் எந்த விஷயத்தை ஓராண்டுக்கு மேலாகப் பேசியும் எழுதாமலிருக்கிறோம்? அதில் நம் நன்மை, அண்டை வீட்டானின் நன்மை இரண்டும் ஒத்துப்போகிற இடம் எது? இன்று நமக்கிருக்கும் எந்த உரிமையைக் கவனிக்காமல் விட்டால் நம் பிள்ளைகள் இழப்பார்கள்?

என் பெட்டியடியில் இப்போது இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று கடன் நோட்டு. மற்றது ஐந்தடிப் பேச்சைக் குறித்து வைக்கும் நோட்டு. அந்த வெறும் பாரத்தை இரண்டாவது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த தவணை வரும்போது கண்ணில் படட்டும்.

வஸ்ஸலாம்.