தேயிலை இருப்பு: ஈரமும் வாடையும் அண்டாமல் காப்பது எப்படி?

புகையிலை, தேயிலை இரண்டுமே காய்ந்த இலைதான். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது இரண்டும் நேர் எதிர். புகையிலையில் ஓரளவு ஈரம் நிற்க வேண்டும். அது போய்விட்டால் நொறுங்கித் தூளாகிவிடும். தேயிலைக்கோ ஈரம் ஏறினால்தான் கேடு. எல்லாச் சரக்கையும் ஒரே கண்ணோடு பார்த்து ஒரே மூலையில் அடுக்குவதால்தான் நம்மில் பலர் தேயிலையில் நட்டப்படுகிறோம். அரிசியில் வண்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். தேயிலை கெட்டால் கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் நாக்குக்குத்தான் தெரியும். அவரோ நம்மிடம் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இதை அனுபவித்தே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் இடநெருக்கடி. புதிதாக வந்த தேயிலைச் சிப்பத்தைச் சோப்புப் பெட்டிகளும் கற்பூரமும் இருந்த அறையில் வைத்தோம். வாய் பிரித்த சிப்பம். மேலே ஒரு கோணியைப் போட்டு மூடியதோடு சரி. பத்து நாள் கழித்து, வெகுநாளாக நம்மிடமே வாங்கி வந்த டீக்கடைக்காரர் வந்தார். "அண்ணாச்சி, டீயில சோப்பு வாடை வருதுன்னு சொல்றாங்க. கொஞ்ச நாளா வேற இடத்துலதான் எடுக்கிறேன். உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரலை" என்றார். சொன்னது அவர் ஒருவர். சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ! மிச்சமிருந்த சரக்கை விற்காமல் ஒதுக்கினோம். அந்த நட்டம்தான் இந்தப் பாடம்.

தேயிலைக்கு ஈரம் ஏன் ஆகாது?

தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது தேயிலையில் சுமார் 3 சதவீதம் ஈரம்தான் இருக்கும். அவ்வளவு காய்ந்த பொருள் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் மணம் மங்கும். சாயம் இறங்கினாலும் சுவையில் உயிர் இருக்காது. அதற்கும் மேலே போனால் பூசணம்தான். நாம் அதிகம் விற்பது சி.டி.சி. முறையில் தயாரான டஸ்ட் ரகம். குருணை சிறிதாக இருப்பதால் காற்றுப்படும் பரப்பு அதிகம்; பெரிய இலை ரகத்தைவிட விரைவாக ஈரத்தையும் வாடையையும் வாங்கும். கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் கவனம் தேவை. மற்ற ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

எடை கூடினால் லாபமா?

40 கிலோ சிப்பம் ஒன்று 3 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உலர்ந்த இலை 38 கிலோ 800 கிராம். ஈரம் 7 சதவீதம் ஆனால் மொத்த எடை ஏறக்குறைய 41 கிலோ 700 கிராம் ஆகிவிடும். ஒரு கிலோ 700 கிராம் இனாமாகக் கிடைத்ததாகச் சிலர் மகிழலாம். உண்மையில் 40 கிலோ நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டு 41 கிலோ 700 கிராம் கெட்ட சரக்கை வாங்கியிருக்கிறோம். தண்ணீரைத் தேயிலை விலைக்கு விற்பது வியாபாரமும் அல்ல, நியாயமும் அல்ல.

இதே கணக்கு நமக்கு ஒரு நல்ல சோதனையாகவும் உதவும். ஈரமானி வாங்க வேண்டியதில்லை, தராசு போதும். பிரிக்காத சிப்பத்தை வந்த அன்றே எடை போட்டு அதன்மேல் எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி நிறுத்துப் பாருங்கள். 40 கிலோ சிப்பத்தில் ஒவ்வொரு 400 கிராம் ஏற்றமும் ஏறத்தாழ ஒரு சதவீத ஈரம் ஏறியதற்கு அடையாளம். 800 கிராம் ஏறிவிட்டால் அந்தச் சிப்பத்தை உடனே விற்பனைக்கு எடுத்துவிட வேண்டும். இருந்த இடத்தையும் மாற்ற வேண்டும்.

எங்கே வைப்பது?

தரையில் நேரே வைக்கக் கூடாது. அரை அடி உயர மரப்பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். குளியலறை, தண்ணீர்த் தொட்டி ஒட்டிய சுவர் ஓரம் கூடவே கூடாது. உப்பு மூட்டையும் வெல்லமும் மழைக்காலத்தில் கசியும். அவற்றின் பக்கமும் வேண்டாம். சோப்பு, ஊதுவத்தி, கற்பூரம், பெருங்காயம், மசாலாப் பொடி, பினாயில், மண்ணெண்ணெய் ஆகிய எதுவும் அதே அறையில் இருக்கக் கூடாது. தனி அறை இல்லாதவர்கள், இறுக மூடும் தகர டின்னில் தேயிலையை வைத்து, வாடையுள்ள சரக்கைக் கடையின் மறு கோடிக்கு மாற்றலாம்.

முன்பு தேயிலை பிளைவுட் பெட்டிகளில், உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி வந்தது. இப்போது பல அடுக்குக் காகிதச் சிப்பங்களில் வருகிறது. பிரிக்காதவரை இது நல்ல காப்பு. ஒருமுறை பிரித்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். ஆகவே பிரித்த சிப்பத்தை அன்றே காற்றுப் புகாத டின்களுக்கு மாற்றி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். பாதி காலியான டின்னில் காற்று அதிகம். அதிலும் ஈரம் உண்டு. அன்றாட விற்பனைக்கு ஐந்து கிலோ பிடிக்கும் சிறு டின் போதும். பெரிய டின்னை நாளுக்கு நாற்பது முறை திறப்பதை இது தவிர்க்கும். அள்ளும் கரண்டி உலர்ந்திருக்கட்டும்.

கண்ணாடி ஜாடியில் நிரப்பி வெயில் படும்படி வைப்பது பார்வைக்கு அழகு, தேயிலைக்குக் கேடு. வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும். குளிர்பெட்டியும் வேண்டாம், வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த தேயிலைமேல் நீர் கோத்துவிடும். நமத்த தேயிலையை வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகலாம்; போன மணம் திரும்பாது. பூசண வாடை வந்ததைப் புதுச் சரக்கோடு கலக்கவே கூடாது. அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.

பழசையும் புதுசையும் ஒப்பிடுவது

ஒவ்வொரு கொள்முதலிலும் 50 கிராம் எடுத்து, சிறு எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடித் தேதி எழுதி வையுங்கள். மாதம் கழித்து அதையும் விற்பனை டின்னில் உள்ளதையும் தனித்தனியே காய்ச்சிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். பால், சர்க்கரை சேர்க்காமல் முகர்ந்து, ருசித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

சாயக் கலப்படத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். வடிதாளில் சிறிது தேயிலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, பிறகு தேயிலையை அகற்றித் தாளைக் கழுவுங்கள். கறை தங்கினால் சாயம் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். விற்றவர் நாம் என்பதால், கேள்வி முதலில் நம்மிடம்தான் வரும்.

எவ்வளவு வாங்குவது?

குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. விலை ஏறும், இறங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நீலகிரிப் பனிக்காலத் தேயிலை மணம் மிக்கது. இதையெல்லாம் பார்த்து அதிகமாக வாங்கிப் போட ஆசை வரும். ஒரு கணக்கைப் பாருங்கள். கிலோ 200 ரூபாய் வீதம் 100 கிலோ கூடுதலாக வாங்கினால் கிலோவுக்கு 5 ரூபாய் குறைகிறது என்று கொள்வோம். மிச்சம் 500 ரூபாய். அந்தச் சரக்கு இரண்டு மாதம் தேங்கினால், முடங்கிய பணத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி வீதம் ஏறக்குறைய 600 ரூபாய் போகிறது. மணம் குறைந்த நட்டம் தனி. மூன்று, நான்கு வார விற்பனைக்குப் போதுமானதை வாங்குவதே மேல்.

நாமே பொட்டலமிட்டு நம் கடைப் பெயரில் விற்றால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, நம் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு ஆகியவை அச்சாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேவை.

காப்பித் தூளுக்கு ஒரு வார்த்தை

காப்பித் தூள் தேயிலையைவிடச் சீக்கிரம் மணம் இழக்கும். அதிலுள்ள எண்ணெய்ப் பசை காற்றுப்பட்டுக் காறலெடுக்கும். சிக்கரி ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். எனவே இயன்றவரை வறுத்த கொட்டையாக வைத்து, கேட்கும்போது அரைத்துக் கொடுப்பதே நல்லது.

நினைவில் கொள்ள

1. வந்த தேதி, வந்த எடை இரண்டையும் சிப்பத்தின்மேல் எழுதுக.
2. முதலில் வந்தது முதலில் விற்பனைக்குப் போகட்டும்.
3. பலகை மேல், சுவர் தள்ளி, வாடைச் சரக்குக்கு அப்பால் வைக்க.
4. பிரித்ததை அன்றே டின்னுக்கு மாற்றுக.
5. வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்க. மாதம் ஒருமுறை காய்ச்சிப் பார்க்க.

இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. நாலு பலகை, நாலு டின், கொஞ்சம் கவனம் இருந்தால் போதும். எங்கள் டீக்கடைக்காரர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். ஆனால் முன்போல் மொத்தமாக வாங்கவில்லை. முதலில் கால் கிலோ வாங்கிக் காய்ச்சிப் பார்த்த பிறகுதான் சிப்பம் கேட்டார். போன நம்பிக்கை கால் கால் கிலோவாகத்தான் திரும்பும். அதைப் போகவிடாமல் காப்போம்.